வாய்க் கூலி

செவலைக் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, என் கணவர் பக்கத்துக் கொட்டடியில் ஒரு கிழட்டுக் குதிரையின் பின்னங்காலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். கையில் அரம் இருந்தது, ஆனால் தேய்க்கிற சத்தம் வரவில்லை. காது முழுவதும் முற்றத்தில் இருந்தது. அங்கே என் அண்ணன் லாரியின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து வைத்து, பல் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். டாக்டரின் மகள், பதினாலு வயதிருக்கும், செவலையின் நெற்றி மயிரை விரலால் கோதிக்கொண்டே சாய்வுப் பலகையில் ஏறினாள். அந்தக் குதிரையும் ஒரு வம்பு பண்ணாமல் அவள் பின்னாலேயே ஏறிப் போயிற்று. கதவை மூடினார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை அண்ணன் கையை ஆட்டிவிட்டு, உள்ளே வந்து, இவர் இருந்த கொட்டடிப் பக்கம் தலையை நீட்டினான்.

"மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு குதிரை பாக்கி இருக்கு. மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க."

அவ்வளவுதான். ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, தேவைக்கு மேல் வேகமாக.

குதிரை வியாபாரத்தில் பத்துக்கு ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. ஆளைக் கொண்டுவந்து சேர்த்தவனுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு. எந்தக் காகிதத்திலும் அது இருக்காது, ஆனால் தெரியாதவர் கிடையாது. சவாரி சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் வாங்குவார், லாரி டிரைவர் வாங்குவான், மிருக வைத்தியரின் கம்பவுண்டர்கூட வாங்குவார். என் அண்ணன் இருபத்திரண்டு குதிரை கட்டியிருக்கிற லாயக்காரன். வேறொருவர் குதிரையை அவன் பேசி விற்றுக்கொடுத்தால், அந்தக் குதிரையின் வால் கேட்டைத் தாண்டுவதற்குள் அவன் பங்கு அவன் சட்டைப்பைக்குள் வந்திருக்கும். கொடுக்கிற முறை வந்தால் மட்டும் அவனுக்குச் சொந்தபந்தம் ஞாபகத்துக்கு வரும்.

நாங்கள் அவனுடைய வைக்கோல் கிடங்குக்கு மேலே இருக்கிற இரண்டு அறைகளில் ஐந்து வருஷமாக இருக்கிறோம். ஒரு முரட்டுக் குதிரை உதைத்து இவர் முதுகு போன பிறகு வந்தது. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக லாயத்துக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் இவர்தான் லாடம் அடிக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. வெளியே கிடைக்கிற வேலையில்தான் எங்கள் சாப்பாடு. வேனை நான் ஓட்டுவேன், குதிரையைப் பிடித்துக்கொள்வேன், கருவிகளை எடுத்துக் கொடுப்பேன். அண்ணனிடம் யாராவது கேட்டால், "பாவம், தங்கச்சி குடும்பம், நான்தான் பாத்துக்கிறேன்" என்பான். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை ஐந்து வருஷமாகச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறேன்.

பல் டாக்டர் எங்கள் வழியாக வந்தவர். ஊரின் மறுகோடியில் இருக்கும் சவாரிப் பள்ளிக்கு மாதம் இரண்டு தடவை போவோம். டாக்டரின் மகள் அங்கே பழகுகிறாள். "பொண்ணுக்கு சொந்தமா ஒரு குதிரை வாங்கணும். நம்பிக்கையான இடம் இருந்தா சொல்லுங்க" என்று இவரைக் கேட்டார். இவர் வந்து அண்ணனிடம் சொன்னார். அன்று சாயங்காலமே, ஐந்து வருஷத்தில் நாலு தடவைகூட ஏறியிராத எங்கள் படியில் அண்ணன் ஏறி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். நான் கொடுத்த டீயைக் குடித்தான். "நடந்துச்சுன்னா பத்துக்கு ஒண்ணு உங்களுது, மாப்பிள்ளை. நான் சொன்னா சொன்னதுதான்" என்றான். செவலைக்கு ஆறு லட்சம் என்று விலை வைத்திருந்தான்.

அறுபதாயிரம். நான் அதற்கு முன்பே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். இரண்டு அறை, சமையலறைக்குள்ளேயே குழாய், ஜன்னலைத் திறந்தால் சாணி வாடை இல்லை. ஐம்பதாயிரம் முன்பணம். இரண்டு தடவை போய்க் குழாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

செவலையிடம் ஒரு கோளாறு இருந்தது. போன மழைக்காலத்தில் அதன் இடது முன்னங்கால் குளம்புக்குள் வீக்கம் கண்டு, உள்ளே இருக்கிற எலும்பு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. மூன்று வாரம் ஊன்ற முடியாமல் கிடந்தது. நானும் இவரும்தான் மாறி மாறிப் பார்த்தோம். பிறகு இவர் அகலமான ஒரு லாடத்தைத் தனியாகச் செய்து, அதற்கும் குளம்புக்கும் நடுவில் தோல் வைத்து அடித்தார். அதற்குப் பிறகு நின்றது, நடந்தது, மெதுவாக ஓடவும் ஓடியது. பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு தடை தாண்டுகிற கால் அல்ல அது. தாண்டி இறங்குகிற ஏதோ ஒரு நாளில் மடங்கிவிடும் என்று இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் தடை தாண்டத்தான் குதிரை கேட்டாள்.

குதிரை பார்க்க வந்த அன்று டாக்டர் அதன் வாயைத் திறந்து பல்லை மட்டும் அரைமணி நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். "எட்டு வயசுன்னு சொன்னது சரிதான்" என்று திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கால் எல்லாம் எப்படி? ஒரு வைத்தியரைக் கூப்பிட்டுப் பாத்துடலாமா?" என்றார்.

"தாராளமா கூப்பிடுங்க சார்" என்றான் அண்ணன். "ஆனா நாலு காலையும் மடியில தூக்கி வச்சுப் பாக்குறவரு இங்கயே நிக்கிறாரே. உங்களுக்குத் தெரிஞ்சவரு. அவரையே கேளுங்க."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கையில் இருந்த போர்வையைப் பிழிந்தபடியே நின்றுவிட்டேன்.

"நல்லா நிக்குதுங்க" என்றார் இவர்.

பொய் இல்லை. நின்றது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. போர்வையை உதறிக் கொடியில் போட்டேன்.

லாரி போன பிறகு இரண்டு நாள் பார்த்தோம். அண்ணன் எங்களைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டான். இவர் கேட்க மாட்டார். குதிரையிடம் காட்டுகிற அதட்டலில் காலே அரைக்கால் பங்குகூட மனிதரிடம் காட்டத் தெரியாதவர். மூன்றாம் நாள் நானே ஆபீஸ் அறைக்குப் போனேன். அவன் புதிதாக வாங்கியிருந்த தோல் ஷூவை மேசைமேல் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அவரோட பங்கு."

"எந்தப் பங்கு?"

"வீட்டுக்கு வந்து சொன்னியே. பத்துக்கு ஒண்ணு."

அவன் ஷூவின் மூக்கில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். "சொந்தத்துக்குள்ள என்னம்மா கமிஷன்? நாளைக்கு நான் உங்கிட்ட டீ குடிச்சேன்னா அதுக்கும் பில்லு குடுப்பியா?"

"குதிரை வித்தது சொந்தத்துக்குள்ள இல்லையே. வெளியாளுக்குத்தானே வித்தே. அவரு சொல்லலைன்னா அந்த டாக்டர் இங்க வந்திருப்பாரா?"

"என்ன பண்ணாரு உன் புருஷன்? தூக்கினாரா, சுமந்தாரா? வாயால ஒரு வார்த்தை சொன்னாரு. வாய்க்கு என்ன கூலி?" ஷூவைக் கீழே வைத்தான். "அஞ்சு வருஷ வாடகையைப் போட்டுப் பாரு. நீ எனக்குத் தரவேண்டியதுதான் நிக்கும். நான் வாயைத் திறக்கலைல்ல? அது மாதிரி நீயும் இரு."

அவன் வாசலைக் காட்டவில்லை, கத்தவுமில்லை. இன்னொரு ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். படியேறி வந்தேன். சிறுவயதில் என் பங்கு மிட்டாயைத் தின்றுவிட்டு, அழுகிற என்னையே அம்மாவிடம் கோள் சொல்லி அடி வாங்கவைத்தவன். கன்னத்தில் குழி விழச் சிரிப்பான். அதே குழி இப்போதும் விழுகிறது.

இவர் கேட்டுவிட்டு அரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"எதை?"

"காலைப் பத்தி."

"அறுபதாயிரம் கைக்கு வந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். கேட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அதே கேள்வி திரும்பி என்மேலும் விழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்தது. கடைத்தெரு வீட்டுக்கு வேறு யாரோ பால் காய்ச்சிக் குடியேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். டாக்டருக்கு இவர் போன் செய்யவில்லை. இன்று, நாளை என்று ஆறு வாரம் தள்ளினார். நானும் தள்ளவிட்டேன். குளம்பு வளர்வதற்குக் கெடு ஆறு வாரம்தான். அதற்குமேல் பழைய லாடம் தாங்காது. டாக்டரே ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

சவாரிப் பள்ளி முற்றத்தில் செவலையைக் கட்டி வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கனைத்தது. தூரத்து மைதானத்தில் வரிசையாகத் தடைகளை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் போட்டியாம். அந்தப் பெண் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். "லாடம் அடிச்சதும் இன்னிக்கே பெரிய தடையைத் தாண்டிப் பாக்கப்போறோம்" என்றாள் என்னிடம். நான் செவலையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இவர் இடது முன்னங்காலைத் தூக்கி, குறடால் லாடத்தை நெம்பி எடுத்தார். தோல் நைந்து போயிருந்தது. அடியில் குளம்பு சிவந்து கன்றியிருந்ததை நானும் பார்த்தேன்.

அப்போது டாக்டர் வந்தார். வணக்கம் சொன்னோம். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"இதுக்குத் தனியா கூலி உண்டா?" என்றார். "இல்ல, முன்னாடியே வாங்கின ஒரு லட்சத்துல இதுவும் சேர்த்தியா?"

இவர் குனிந்தபடியே இருந்தார். நான்தான், "எந்த ஒரு லட்சம் சார்?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்கம்மா. குதிரைக்கு ஆறு, உங்க வீட்டுக்காரருக்கு கமிஷன் ஒண்ணு. தனிக் கவர்ல வச்சு உங்க அண்ணன் கையில குடுத்தேன். அவருக்கே சங்கடமா இருந்துச்சு பாவம். 'சொந்தக்காரன்தான் சார், ஆனா காசு விஷயத்துல விடமாட்டான், குடுக்கலைன்னா வியாபாரத்தைக் கெடுத்துடுவான்'னாரு."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தொட்டிலுக்குக் கயிறு கட்டின கூலி என்று சொல்லி ஊராரிடம் வசூலும் பண்ணுகிறவனை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இவர் முகத்தில் ரத்தம் ஏறி, நெற்றி நரம்பு எழுந்து நின்றது.

"எனக்கு ஒரு பைசா வரல சார்."

டாக்டர் சிரித்தார்.

இவர் குளம்பை மடியிலிருந்து இறக்காமலே, "சார், இந்தக் குதிரையைத் தாண்ட விடாதீங்க. உள்ள எலும்பு இறங்கியிருக்கு. பாப்பா விழுந்துடும்" என்றார்.

டாக்டர் குனிந்து அந்தக் குளம்பைப் பார்க்கக்கூட இல்லை. மிகவும் சாவகாசமாக, "எவ்வளவு?" என்றார்.

"என்ன சார்?"

"சரி பண்றதுக்கு எவ்வளவுன்னு கேக்குறேன். ஐம்பதாயிரமா, இன்னொரு லட்சமா? உங்க மச்சான் இதையும் சொல்லித்தான் அனுப்பினாரு. 'கொஞ்ச நாள் கழிச்சு கால்ல அது குறை, இது குறைன்னு வருவான், ஏமாந்துடாதீங்க'ன்னு."

ஆறு வாரமாக இவர் உள்ளுக்குள் பொத்தி வைத்திருந்த ஒரே ஆயுதம் அது. அதை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே என் அண்ணன் வந்து மழுக்கிவிட்டுப் போயிருக்கிறான். இவர் சண்டை போடவில்லை. செவலையின் காலை மெதுவாகத் தரையில் இறக்கினார். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். என் கையிலிருந்த கயிற்றை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"நடத்திக்கிட்டுப் போம்மா. அந்த ஜல்லி போட்ட பக்கமா."

அவள் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். மண் தரையில் இரண்டு அடி சரியாக வந்த குதிரை, ஜல்லியில் முதல் அடி வைத்ததும் தலையைச் சட்டென்று மேலே தூக்கியது. அடுத்த அடிக்குத் தலை தொங்கியது. மூன்றாவது அடியை வைக்கவே இல்லை. இடது காலை மடக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டு, மற்ற மூன்று காலில் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் கயிற்றை இழுக்கவில்லை. மைதானத்தில் தடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சவாரி மாஸ்டர் கையில் சாட்டையோடு ஓடி வந்தார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் இவரிடம் திரும்பி, "வாங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

அப்படியே என்னையும் பார்த்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

டாக்டர் அதற்குப் பிறகு மரியாதையை விட்டுவிட்டார். அவன் இவன் என்றார். காசுக்காகப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்றார். அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் பொய்யென்று தள்ள முடியவில்லை, காசு கைக்கு வரவில்லை என்பதைத் தவிர. மறுபடி லாடம் அடித்து விடுகிறேன் என்று இவர் குனியப் போனார். மாஸ்டர் சாட்டையைக் குறுக்கே நீட்டி, "தொடாதீங்க. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்றார். அந்த மாஸ்டரும் பத்துக்கு ஒன்று வாங்குகிறவர்தான். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தால் தண்ணீர்கூட ஓசியில் குடிக்காதவர் மாதிரி இருந்தது.

வேனில் வரும்போது நான் கேட்டேன். "அந்தப் பொண்ணுக்காகப் பண்ணீங்களா, எங்க அண்ணன் மேல இருக்கிற கோபத்துல பண்ணீங்களா?"

வெகுதூரம் வந்த பிறகு, "முதுகு வலிக்குது. பள்ளத்துல பாத்து ஓட்டு" என்றார்.

எங்களுக்கு முன்னாலேயே போன் வந்து சேர்ந்திருந்தது. வேனை உள்ளே விட்டதும் அண்ணன் தன் கையாலேயே கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினான். வெயில் தாழ்ந்து, கொட்டடிகளின் நிழல் முற்றம் முழுவதும் நீண்ட நேரத்தில் லாரி வந்தது. அதன் மூக்கு கேட்டுக் கம்பியைத் தொடுகிற அளவுக்கு நெருங்கி நின்றது. பின்னால் டாக்டரின் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அந்தப் பெண் இருந்தாள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்.

"வித்தது வித்ததுதான்" என்று அண்ணன் லாரி டிரைவரிடம் சொன்னான். "கையெழுத்துப் போட்டாச்சு. ஓட்டிக்கிட்டுப் போப்பா."

"குதிரையை இறக்கிட்டுத்தான் வரச் சொன்னாங்க. இறக்காம நகர மாட்டேன்" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தான். அவனுக்கும் வரவேண்டிய கூலி யாரிடமோ நின்றிருக்க வேண்டும்.

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினான். கன்னத்தில் குழி இல்லை. "குடியிருந்த வீட்டுக்கே கொள்ளி வச்சுட்டீங்கல்ல. இன்னிக்கே ரூமைக் காலி பண்ணுங்க. உப்பு, புளிகூட இருக்கக் கூடாது."

"கவர்ல ஒரு லட்சம் வாங்கினியா?" என்றேன்.

"உன் புருஷன் பேருக்கு மதிப்பு இருந்துச்சு, வாங்கினேன். இனிமே யாரு குடுப்பா அந்தப் பேருக்கு?"

இவர் முன்னால் ஒரு எட்டு வைத்தார். கையில் சுத்தியல் இல்லை, அது வேனில் இருந்தது, அதற்காக எந்தச் சாமியையோ நான் கும்பிட்டுக்கொண்டேன். அண்ணனும் நகரவில்லை. இருபது வருஷமாக மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்ட இரண்டு பேர், ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படுகிற தூரத்தில் நின்றார்கள்.

"காலி பண்றோம்" என்றேன் நான். "கேட்டைத் திற."

அவன் சாவியை எடுத்தான். பூட்டுவரைக்கும் கொண்டுபோனான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேட்டைத் திறந்தால் லாரி உள்ளே வந்துவிடும். திறக்காவிட்டால் நாங்கள் வெளியே போக முடியாது. சாவியைப் பிடித்த கை பூட்டுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. லாரி டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே பீடியைப் பற்றவைத்தான். காருக்குள் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்குள்ளே செவலை காலை மாற்றி வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு பலகைமேல் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வெகுநேரம் அடக்கி வைத்திருந்திருக்க வேண்டும், நிற்கவே இல்லை. லாரியின் இடுக்கு வழியாக ஒழுகி, தெருச் சரிவில் நுரைத்துக்கொண்டு, கேட்டுக்கு அடியில் நுழைந்து, ஆவி பறக்க எங்கள் பக்கம் ஓடி வந்தது. அண்ணன் குனிந்து பார்த்தான். அது அவனுடைய புது ஷூவின் நுனியைத் தொட்டது. இரண்டு பக்கமும் பிரிந்து சுற்றிக்கொண்டது. அவன் காலை நகர்த்தவில்லை. அடுத்ததாக அது எங்களை நோக்கி வந்தது. நாங்களும் நகரவில்லை.